காக்கட்டூ அபிஸ்டோ ஜோடியும் ஐந்து மாதச் சண்டையும்

ஜூன் மாதம் சென்னை கொளத்தூரில் ஒரு ஜோடி காக்கட்டூ அபிஸ்டோ என்ற சிறிய வண்ண மீன்கள் வாங்கினேன். ஆண் 7 செ.மீ. இருக்கும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் கொண்டை மாதிரி நீண்டு நிற்கும், வாலில் ஆரஞ்சுத் திட்டுகள். பெண் 4 செ.மீ., மங்கலான சாம்பல் மஞ்சள். வீட்டில் இருந்தது இரண்டடி டேங்க், ஒரு அடி அகலம். மெட்ரோ வாட்டரும் ஆர்ஓ தண்ணீரும் பாதிப் பாதி, ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், கொஞ்சம் ஜாவா பாசி, நடுவில் கவிழ்த்து வைத்த ஒரே ஒரு கொட்டாங்குச்சி. அந்தக் கொட்டாங்குச்சியை நடுவில் வைத்ததுதான் முதல் தப்பு.

இரண்டாம் நாளே ஆண் அதைப் பிடித்துக்கொண்டது. டேங்கின் எந்த மூலையில் பெண் நின்றாலும் நடுவில் இருப்பவனுக்குத் தெரியும், தெரிந்தால் துரத்துவான். பெண் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நிறம் வெளுத்து, ஃபில்டருக்குப் பின்னால் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டி நின்றது. தரையோடு திரிய வேண்டிய மீன் மேலே போய் மூலையில் நின்றால் அடி வாங்குகிறது என்று அர்த்தம், சாப்பிடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

நான் மாற்றியது இதுதான். நடுவில் ஒரு மரவேரைக் குறுக்கே போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாதபடி மறைத்தேன். கொட்டாங்குச்சிகள் மூன்றாயின, ஒவ்வொன்றும் ஒரு கோடியில், வாசல் 2 செ.மீ.க்கு மேல் இல்லாமல். பெண் நுழையும், ஆணின் உடம்பு நுழையாது. எங்கள் தெருவில் நிற்கும் பாதாம் மரத்தடியில் உதிர்ந்த காய்ந்த இலைகளைக் கழுவி, ஊறவைத்துத் தரை முழுக்கப் பரப்பினேன். பெருவில் இந்த மீன்கள் வாழும் ஓடைகளின் அடியிலும் இலைக்குப்பைதான், அதற்குள் புகுந்து புகுந்துதான் வளர்கின்றன. எட்டு எம்பர் டெட்ராக்களையும் விட்டேன். சிறு மீன்கள் மேலே நிம்மதியாக நீந்தினால், ஆபத்து ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு அபிஸ்டோவும் வெளியே வரும். பத்து நாளில் துரத்தல் பெரும்பாலும் நின்றது.

ஜூலைக் கடைசியில் பெண் திடீரென்று எலுமிச்சை மஞ்சளாகி, கண் வழியாகவும் உடம்பிலும் கறுப்புக் கோடுகள் ஏறி, கொட்டாங்குச்சியை விட்டு நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், உட்கூரையில் சிவப்பு முட்டைகள். அன்றைய சந்தோஷம் மறுநாள் வரை நீடிக்கவில்லை. அம்மாதான் முதலில் கவனித்தார். "ஏண்டா, அந்தப் பெரிய மீன் காலையிலேர்ந்து அந்த மூலையிலேயே நிக்குது, என்னன்னு பாரேன்." போய்ப் பார்த்தால் ஆணின் வால் கிழிந்திருந்தது. பெண் எந்த மூலையில் ஒளிந்ததோ அதே மூலையில், ஃபில்டருக்குப் பின்னால், இப்போது ஆண்.

பதறிப்போய் அன்றே நடுவில் ஒரு கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் தடுப்பைச் செருகினேன். அது இரண்டாவது தப்பு. அடிக்க முடியவில்லையே தவிர ஆண் கண்ணுக்குத் தெரிகிறதே. நாள் முழுக்க அந்தத் தடுப்பை முட்டிக்கொண்டே இருந்தது பெண், முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறுவதையும் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் காலை முட்டைகள் இல்லை. தடுப்புப் போடுவதாக இருந்தால் ஒளி ஊடுருவாத தடுப்பாகப் போட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்ததில், "ஜோடி" என்ற சொல்லே என்னை ஏமாற்றியிருக்கிறது என்று தோன்றியது. முன்பு நான் வளர்த்தவை ராம் மீன்கள். அவை திறந்த கல்லின் மேல் முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்கும். இது அப்படி இல்லை. காட்டில் ஒரு ஆணின் எல்லைக்குள் பல பெண்கள், ஒவ்வொருத்திக்கும் தனி இடம். முட்டையும் குஞ்சும் தாயின் பொறுப்பு, ஆண் வெளி எல்லையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டடி டேங்கில் அந்த "வெளி" எங்கே இருக்கிறது? பெண் தன் கொட்டாங்குச்சியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு அடியைக் காக்கிறது, மிச்சமிருப்பது அந்த மூலை மட்டும். இதில் பெண்ணின் குணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இடம்தான் போதவில்லை.

செப்டம்பரில் மூன்றடிக்கு ஒன்றேகால் அடி டேங்க் வாங்கினேன். உயரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, தரைப் பரப்புதான் முக்கியம். முதலில் பெண்ணை மட்டும் விட்டு ஒரு வாரம் பழகவிட்டேன். அதற்குள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொஞ்சம் தண்ணீர் மாற்றியதிலேயே ஆணின் வால் வளர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு இரவு, கொட்டாங்குச்சிகளையும் வேரையும் இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஆணை விட்டேன். இடம் மாறிப்போனதால் இரண்டுக்குமே அது புது வீடு, யாருக்கும் பழைய உரிமை இல்லை.

அக்டோபரில் மறுபடி முட்டை. மூன்றாம் நாள் பொரித்து, அடுத்த ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின, ஆர்டீமியா என்ற பொடி இறால் முட்டைகளைப் பொரித்துக் கொடுத்தேன். முதல் வாரம் பெண் வேர் வரைக்கும் ஆணை விரட்டும், வேரைத் தாண்டியதும் திரும்பிவிடும். ஆண் மறுபக்கம் துடுப்பு விரித்தபடியே இருந்தது. குஞ்சுகளுக்கு இப்போது ஐந்து வாரம், எண்ணியதில் 31. பெண்ணின் மஞ்சள் குறைகிறது, நேற்று ஆண் பக்கத்தில் வந்து இலையைக் கிளறியபோதும் சும்மா இருந்தது.

அடுத்து யோசிக்க வேண்டியது குஞ்சுகளைத்தான். தண்ணீர் சூடாக இருந்தால் அபிஸ்டோ குஞ்சுகளில் ஆண்கள் அதிகமாகும், எங்கள் டேங்க் 29, 30 டிகிரியிலேயே இருந்தது. நிறைய ஆண்களாகத் தேறினால் அவற்றை எப்போது, எப்படிப் பிரிப்பது என்று பார்க்க வேண்டும், பழைய இரண்டடி டேங்கைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறேன்.