அம்மாவின் நோன்புக் கயிறுகளும் துங்கநாதர் தரிசனமும்

மகனுக்கு ஆறு வயதில் டிங்கிக் காய்ச்சல் கண்டது. மலேசியாவில், ஈப்போ ஆஸ்பத்திரியில் நான்கு நாள் முனகல்கூட இல்லாமல் கிடந்தான். நான் அவன் தலைமாட்டில் இருந்தேன். அம்மா சுங்கை சிப்புட்டில், எஸ்டேட் லயத்து வீட்டில், சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் இமயமலைக் கேதாரநாதருக்கு நேர்ந்துகொண்டாராம்: "கேதாரநாதா, என் பேரன எழுப்பிக் கொடுத்துடு. உன் மலைக்கே வந்து நோன்புக் கயித்த உன் காலடியில வைக்கிறேன்." அன்று சாயங்காலம் பிள்ளை கண் திறந்து மைலோ கேட்டான்.

நேர்ந்துகொண்டாரே தவிர அம்மாவால் போக முடியவில்லை. பன்னிரண்டு வயதில் பால்மரம் வெட்ட உளி பிடித்தவர். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்காடும் பள்ளக்காடும் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வலது தோளில் கம்பு அழுத்திய இடம் காய்த்துப்போய், தடவினால் மரப்பட்டை மாதிரி இருக்கும். "அடுத்த வருஷம் போகலாம்மா" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் சொல்வதும், அம்மா தலையாட்டுவதுமாக வருடங்கள் ஓடிப்போயின. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் நின்றபடியே கேதாரத்தைப் பாடினார்கள் என்று கோயில் தேவார வகுப்பில் சொல்லித் தருவார்கள். அம்மாவும் பால்மரக் காட்டில் நின்றபடியே வடக்கே பார்த்துக் கும்பிட்டார். மூன்று வருடத்துக்கு முன் கண்ணை மூடிவிட்டார்.

அம்மாவின் பீரோவில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. உள்ளே, நேர்ந்துகொண்ட வருடம் முதல் வருடா வருடம் அவர் கையில் கட்டிய கேதார கௌரி நோன்புக் கயிறுகள் பதின்மூன்று. பழைய கயிற்றை ஆற்றில் விடுவதுதான் வழக்கம். அம்மா ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றிலும் 21 முடிச்சு. பன்னிரண்டு கயிறுகள் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தன. கடைசிக் கயிற்றில் மட்டும் மஞ்சள் இருந்தது. அதை அம்மாவின் கையிலிருந்து அவிழ்த்தவள் நான்தான்.

இந்த வருடம் இதற்கு மேல் தள்ளக்கூடாது என்று முடிவு செய்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்காகத் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அம்மா வைத்திருந்த பங்குக் காசும் என் சேமிப்பும் டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்ள, விஜயதசமியன்று நோன்பைத் தொடங்கிவிட்டு மகனோடு டெல்லிக்கு விமானம் ஏறினேன்.

ஹரித்துவாரில் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கேதாரநாத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் இருபதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. சாமியைப் பார்க்க வந்தவர்களிடம் இப்படிப் பிடுங்கித் தின்பவர்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சரி, கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் நடந்தே போவோம் என்று கிளம்பினோம். தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாகும் இடத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். குப்தகாசி போய்ச் சேர்ந்த இரவு மழை பிடித்தது. விடிந்ததும், மலை சரிந்திருக்கிறது, மேலே யாரையும் விடவில்லை என்று செய்தி வந்தது. இரண்டு நாள் காத்திருந்தோம். வழி திறக்கவில்லை. விடுதி அறையில் மைலோ டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். "அம்மா, நான் ஏமாத்திட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

எங்கள் காரோட்டி அந்தக் கடுவால் மலைப்பக்கத்துப் பையன். மகன் அவனிடம் நிலைமையைச் சொன்னான். அவன் கை விரல்களை விரித்துக் காட்டி, "கேதார் ஒன்று இல்லை மாதாஜி, ஐந்து" என்றான். பாண்டவர்களுக்குப் பிடிகொடுக்காமல் காளையாக மறைந்த ஈசனின் திமில் கேதாரநாத்தில், முகம் ருத்ரநாத்தில், நாபி மத்மகேஷ்வரில், சடை கல்பேஷ்வரில். புயம் துங்கநாத்தில். துங்கநாத் வழி திறந்திருக்கிறது என்றான். புயம் என்று கேட்டதும் எனக்கு அம்மாவின் தோள்தான் கண்ணில் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

ஊக்கிமடம் தாண்டிச் சோப்தா. காரிலிருந்து இறங்கும் முன்பே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு "கோடா, கோடா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நடந்தே வருகிறோம் என்று எந்த மொழியில் சொன்னாலும் விடவில்லை. ஒருவர் அரைக் கிலோமீட்டர் கூடவே வந்தார். சோப்தாவிலிருந்து கோயில் சுமார் நான்கு கிலோமீட்டர்தான், கல் பாவிய பாதைதான். ஆனால் ஏறிக்கொண்டே இருக்கிறது. கோயில் இருப்பது 3,680 மீட்டர் உயரத்தில், உலகத்திலேயே மிக உயரத்தில் உள்ள சிவன் கோயில்களில் ஒன்று. பத்துமலையின் 272 படியை வருடா வருடம் ஏறுகிறேனே என்ற தைரியம் முதல் திருப்பத்திலேயே போய்விட்டது. மூச்சு நெஞ்சுக்குள் பாதி தூரம்தான் போகிறது. கோவேறு கழுதைகள் சாணி போட்டு மழையில் வழுக்குகிற கல். நோன்பில் ஒரு வேளைச் சாப்பாடு வேறு.

டின்னைத் திறந்து கடைசிக் கயிற்றை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு முடிச்சுக்கு ஒரு தடவை நிற்கலாம் என்று எனக்கு நானே கணக்கு வைத்தேன். நிற்பேன், விரலால் முடிச்சைத் தொடுவேன், நமசிவாய சொல்வேன், நடப்பேன். ஏழாவது முடிச்சில் காடு முடிந்து புல்வெளி வந்தது. பதினான்கில் தலை சுற்றியது, மகன் இஞ்சி மிட்டாய் கொடுத்தான். இருபத்தொன்றும் தீர்ந்தபோது கோயில் இன்னும் கண்ணில் படவில்லை. உட்கார்ந்துவிட்டேன். "முடிச்சு தீந்து போச்சுய்யா" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் முன்னால் குந்தி, "இன்னும் பன்னெண்டு கயிறு இருக்குல்லம்மா, எழுந்திரிங்க" என்று கையை நீட்டினான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்த அதே கை.

கோயில் சின்னது. சாம்பல் நிறக் கல், வாசலில் நந்தி. அங்கேயும் தள்ளுமுள்ளு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே மறைக்கும் பிள்ளைகள், பின்னாலிருந்து முதுகில் குத்தும் முழங்கை. உள்ளே நுழைந்ததும் எல்லாச் சத்தமும் எனக்கு அடங்கிப்போனது.

ஒரு அடி உயரம் இருக்கும், கருப்புக் கல். சுயம்பு. இடது பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறார். சுமையைத் தோளில் ஏற்றும்போது ஆள் ஒரு பக்கம் சாய்வாரே, அந்தச் சாய்வு. விடிகாலை இருட்டில் காண்டாவைத் தூக்கும்போது அம்மா சாயும் சாய்வு. நான் எதுவும் வேண்டவில்லை, எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அப்பனே, அப்பனே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அர்ச்சகருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி வராது. கயிறுகளை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டி, "அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மேலே கை காட்டி ஏதோ கேட்டார். தலையாட்டினேன். பதின்மூன்றையும் வாங்கி லிங்கத்தின் மேல் சுற்றி வைத்தார், வில்வம் போட்டார், நீர் வார்த்தார். வெளுத்த நூலெல்லாம் நனைந்து கல்லோடு ஒட்டிக்கொண்டன. பின்னால் ஆட்கள் கத்துகிறார்கள், அவர் அவசரப்படவே இல்லை. பிறகு அந்தக் கொத்திலிருந்து ஒரு கயிற்றை மட்டும் உருவினார். என்னிடம் கொடுப்பார் என்று கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி என் மகனின் வலது கையை இழுத்து, மந்திரம் சொல்லிக் கட்டினார்.

யார் அவருக்குச் சொன்னது? நான் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை. யாருக்காக நேர்ந்த கயிறோ அவன் கையிலேயே கட்ட வைத்தாயே, ஈசா! கேதாரத்தில் வழியை அடைத்து என்னை இங்கே வரவழைத்தாயே, இதற்காகத்தானா? நான் அங்கேயே விழுந்துவிட்டேன். யாரோ ஒரு வடநாட்டுப் பாட்டி என்னைத் தூக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் யாரோ, எந்த ஊரோ, நன்றாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து சந்திரசிலை உச்சி இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர், கிட்டத்தட்ட 4,000 மீட்டர். ராமபிரான் தவம் செய்த இடம். எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கால் தானாகப் போனது. உச்சியில் மேகம் விலகி நந்தாதேவி, திரிசூலம், சௌகம்பா எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. மகன் கயிறு கட்டிய கையைத் தூக்கி, "பாட்டி, வந்துட்டோம்" என்று அந்த மலைகளைப் பார்த்துக் கத்தினான். இன்னும் சில வாரத்தில் பனிக்காலத்துக்காக நடை சாத்தி, சாமியைக் கீழே மக்குமடத்துக்கு இறக்கிவிடுவார்களாம். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊர் திரும்பியதும் டின்னைக் கழுவி வெயிலில் காயவைத்து சாமி மேடையில் வைத்திருக்கிறேன். நேற்றுத்தான் பாசாரில் நூல் வாங்கி மஞ்சள் தோய்த்தேன். நோன்பு முடியும் அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதிரசத்துக்கு அரிசி ஊறப் போட வேண்டும்.