முதுகுப்பைக்கு எத்தனை லிட்டர்?

பனிச்சறுக்குப் பலகைகளான ஸ்கீக்களை அணிந்து மலையேறிச் சறுக்கி இறங்குவதற்கும், அதே பயணத்தில் கயிறு கட்டிப் பாறையிலோ உறைபனியிலோ ஏறுவதற்கும் ஒரே முதுகுப்பை போதுமா என்று இதில் புதிதாக இறங்குபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போதும் என்பதே என் பதில். அளவு ஏறக்குறைய 35 லிட்டர். இரண்டு பைகளை மாற்றிப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன்.

முதலில் வாங்கியது 45 லிட்டர் பை. இடம் மிச்சமிருந்தால் நல்லதுதானே என்று எண்ணினேன். ஒருநாள் பயணங்களில் அது பாதிதான் நிரம்பியது; சாமான்கள் அடியில் போய்க் குவிந்தன. செங்குத்தான சரிவில் நான் திரும்பும் ஒவ்வொரு முறையும், உடல் திரும்பி முடித்த பின்பு பை தனியாக ஒருமுறை ஆடி, தோளை வெளிப்பக்கமாக இழுத்தது. பக்கவாட்டுப் பட்டைகளை எவ்வளவு இறுக்கியும் அந்த ஆட்டம் முழுமையாக நிற்கவில்லை.

அடுத்து 26 லிட்டருக்கு மாறினேன். சறுக்கும்போது அது முதுகோடு ஒட்டி, இருப்பதே தெரியாமல் இருந்தது. ஆனால் கயிறு, அதை உடலோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் அணியும் ஹார்னஸ், பனிக்கோடரி, காலணியின் அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பான் எல்லாம் தேவைப்பட்ட நாளில் பாதிச் சாமான்களை வெளியே கட்டித் தொங்கவிட வேண்டியதாயிற்று. குறுகலான ஓர் இடுக்கில் பையைத் தோளிலிருந்து இறக்கும்போது, வெளியே கட்டியிருந்த கிராம்பானின் முள் என் ஜாக்கெட்டின் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்துவிட்டது.

அதைவிட என்னைக் கவலைப்படுத்தியது, பனியைத் தோண்டும் ஷவல். பனிச்சரிவில் புதையுண்ட ஒருவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு மிக வேகமாகக் குறைகிறது. ஆகவே ஷவலும், புதைந்தவரைக் குத்தித் தேடும் புரோப் கம்பியும், வேறு எதையும் வெளியே எடுக்காமல் உடனே உருவக்கூடிய தனி அறையில் இருக்க வேண்டும். அவற்றை வெளியே கட்டினால், எழுந்திருக்கவே முடியாதபடி பனி நம்மை உருட்டும்போது அவை பிய்த்துக்கொண்டு போய்விடக்கூடும். 240 செ.மீ. புரோப் மடித்த பிறகும் சுமார் 40 செ.மீ. நீளம் இருக்கும், சிறிய பைகள் பலவற்றில் அந்த நீளத்துக்கே இடமிருப்பதில்லை. புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சமிக்ஞையால் காட்டும் டிரான்ஸீவர் கருவி பைக்குள் போகக்கூடாது, எப்போதும் உடலில்தான் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பனிச்சரிவில் சிக்கினால் பலூனை விரித்து நம்மைப் பனியின் மேற்பரப்பில் வைத்திருக்க உதவும் ஏர்பேக் பை வாங்குபவர்கள் சற்றுக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். பலூனும் அதை ஊதும் கருவியும் உள்ளே இடத்தைப் பிடித்துக்கொள்வதால், குறிக்கப்பட்டிருக்கும் லிட்டர் முழுவதும் நமக்குக் கிடைக்கும் என்று நம்பிவிடக்கூடாது. ஸ்கீக்களை இருபுறமும் நிறுத்திக் கட்டினால் பலூன் விரிவதற்குத் தடையாகலாம் என்பதால், அத்தகைய பைகள் சிலவற்றில் குறுக்காக மட்டுமே கட்ட முடியும்.

லிட்டர் ஒருபுறம் இருக்க, முதுகின் நீளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை அளந்து, அந்த நீளத்துக்கு ஏற்ற பையையே எடுக்க வேண்டும். ஏறும்போது ஹார்னஸின் மேல் பையின் இடுப்புப் பட்டை வந்து படியும். அது தடித்த பஞ்சுப்பட்டையாக இருந்தால் காராபினர் எனும் உலோகக் கொக்கிகளைத் தொங்கவிடும் ஹார்னஸ் வளையங்கள் மறைந்துவிடும். மெல்லிய பட்டையோ, கழற்றி எடுக்கக்கூடிய பட்டையோ உள்ள பையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மலைக்குடில்களில் இரவு தங்கிச் செல்லும் பல நாள் பயணம் என்றால் 40 லிட்டர் தேவைப்படலாம். கூடாரமும் சமையல் சாமான்களும் சுமப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கடையில் வெற்றுப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயன் அதிகமில்லை. முடிந்தால் உங்கள் சாமான்கள் அனைத்தையும் கொண்டுபோய் அடுக்கி, ஸ்கீக்களையும் கட்டி, ஹெல்மெட் அணிந்து தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பையின் மேல்மூடி ஹெல்மெட்டின் பின்புறத்தில் இடித்தால், கயிற்றில் உங்களுக்கு முன்னே ஏறுபவரை உங்களால் அண்ணாந்து பார்க்க முடியாது. பிறகு தடித்த கையுறையோடு எல்லாக் கொக்கிகளையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். இப்போது என்னிடம் உள்ள 35 லிட்டர் பையை அந்தக் கொக்கிகளுக்காகவே தேர்ந்தெடுத்தேன். கையுறையைக் கழற்றாமலே அதில் ஸ்கீயைக் கட்ட முடிகிறது.