ஆச்சி வாங்கிய குடை

பங்குதாரர்களுக்கு நிறுவனத்தின் பெயர் பொறித்த குடையை விலைக்கு விற்றது சட்டப்படி சரியான முடிவு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 2015 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த செயலகத் தரநிலை, அதாவது நிறுவனக் கூட்டங்களுக்கான விதிமுறை, பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தை ஒட்டிப் பரிசுப் பொருளோ, பரிசுக் கூப்பனோ, அதற்கு ஈடான பணமோ அவர்களுக்கு வழங்கக் கூடாது என்கிறது. அதுவரை ஆண்டுதோறும் எவர்சில்வர் டப்பா கொடுத்துவந்த எங்கள் பங்குப் பிரிவு அதை நிறுத்திவிட்டு, குடையும் பையும் விற்கலாம் என்று முடிவெடுத்தது. அமெரிக்காவின் ஒமாஹாவில் பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான சீஸ் கேண்டீஸ் மிட்டாயை ஆசையாக வாங்கிச் செல்வதை மேலாளர் எடுத்துக்காட்டினார். தள்ளுபடி கொடுத்தால் அதுவும் பரிசுதான் என்று யாரேனும் சொல்லக்கூடும் என நான் எழுதிய குறிப்பை ஏற்று, எல்லோருக்கும் 250 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

வீரவநல்லூரிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்த ஆச்சி ஒருவர் குடையை விரித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனிக்கு நாமளே துட்டு குடுக்கணுமா தம்பி?" என்றார்.

"நீங்க முதலாளில்லா ஆச்சி, முதலாளியே கல்லாவுல கை வைக்கலாமா?" என்றேன்.

"முதலாளின்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுல்லா வெல வச்சிருக்கணும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு 250 ரூபாயை எண்ணி வைத்தார். பின்னால் வரிசை நின்றதால் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் மட்டும் முடியவில்லை.

அவரிடம் 100 பங்குகள் இருந்தன. அந்த ஆண்டு பங்குக்கு 1 ரூபாய் 50 காசு ஈவுத்தொகை. ஆக, அவருக்கு வந்தது 150 ரூபாய், அவர் எங்களிடம் தந்தது 250. குடை ஒன்றில் நிறுவனத்துக்கு மிஞ்சியது ஏறத்தாழ 20 ரூபாய். கோடிக்கணக்கான பங்குகளுக்கு நடுவே அவருடைய பங்குக்கு அதில் ஒரு காசுகூடச் சேராது. ஆனாலும் அவரை யாரும் வற்புறுத்தவில்லை, குடையும் நல்ல குடைதான் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு.

1954-இல் பச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பங்குதாரருக்கு லாபத்தில் பங்குபெறும் உரிமை உண்டே தவிர, நிறுவனத்தின் சொத்து அவருடையது ஆகாது என்று கூறியது. இந்தத் துறையில் இருக்கும் எவரும் படித்த தீர்ப்பு அது. அதை அறிந்த நான் அவரை முதலாளி என்றது மரியாதையால்தான். அத்தனை தூரம் பேருந்தில் வந்தவரிடம் வேறு எப்படிப் பேசுவது? ஆனால் துட்டு கேட்கும்போது மட்டும் அந்த மரியாதை என் வாயில் வந்தது ஏன் என்பதுதான் உறுத்துகிறது.

எங்கள் பக்கத்தில் பங்கு வாங்குவது லாபத்துக்காக மட்டும் நடந்ததில்லை. 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம், தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளில் 10 லட்சம் ரூபாய் திரட்ட முனைந்தது. எதிர்த்து நின்ற ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்ததோடு, பயணிகளுக்கு இலவசமாகக் குடையும் கொடுத்தது என்பார்கள். அந்தக் குடையை வேண்டாமென்று துட்டு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவரின் மனமும் இந்த ஆச்சியின் மனமும் ஒன்றே என்று சில நாள் தோன்றும். அடுத்த கணமே, அன்றைய நிறுவனம் பிழைத்திருக்க அந்தப் பயணக் கட்டணம் தேவைப்பட்டது, எங்களுக்கு இந்தக் குடைப் பணம் எதற்கும் தேவைப்படவில்லை என்பதும் தோன்றும்.

அடுத்த ஆண்டுக் குறிப்பில், குடையை அடக்க விலைக்கே கொடுக்கலாம் என்று எழுதினேன். அதுவும் சலுகைதானே என்று என் பழைய குறிப்பையே எடுத்துக்காட்டி மறுத்துவிட்டார்கள்; அது நியாயமான வாதம்தான். விலை வைக்குமுன் பங்குதாரர்களிடம் கருத்துக் கேட்பதை எந்தத் தரநிலையும் தடுக்கவில்லை என்றும் அதே குறிப்பில் சேர்த்திருந்தேன். அந்த வரிக்கு எதிரே எவரும் எதுவும் எழுதவில்லை.