குதிரை உதையும் பாய்சான் பரவலும்

அரிதான நிகழ்வு ஒரு கால அளவில் எத்தனை முறை நேரும் என்பதன் நிகழ்தகவைத் தருவது பாய்சான் பரவல். அதன் பெயரைச் சொன்னாலே புள்ளியியல் வகுப்பில் வந்து நிற்கும் கணக்கு, பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களுடையது. 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்டது. 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஒரு பிரிவின் ஓர் ஆண்டு ஒரு பதிவு, ஆக 200 பதிவுகள். சாவே இல்லாதவை 109, ஒரு சாவு 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. மொத்தம் 122 சாவுகள், சராசரி 0.61.

இந்தச் சராசரிக்குச் சாவே நேராத நிகழ்தகவு 0.5434. அதை 0.61-ஆல் பெருக்கினால் ஒரு சாவுக்கானது கிடைக்கும். அதை மறுபடி 0.61-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டுக்கானது. 200-ஆல் பெருக்க, எதிர்பார்ப்பு 108.7, 66.3, 20.2. மிச்சம் 4.8, மூன்றும் அதற்கு மேலும்.

அந்தக் கடைசி வகுப்பைச் சேர்த்தே வைக்க வேண்டும். நான்கும் அதற்கு மேலும் என்று தனியே பிரித்தால் எதிர்பார்ப்பு வெறும் 0.71. அங்கே தற்செயலாக மூன்று பதிவுகள் விழுந்திருந்தால் அந்த ஒரு கட்டமே கை-வர்க்கத்தில் (கண்டது எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 7.4 சேர்த்துவிடும். எதிர்பார்ப்பு 5-க்குக் குறையக் கூடாது என்பார்கள். 4.8-க்கெல்லாம் பதற வேண்டாம், 0.71-க்குப் பதறலாம்.

ஒவ்வொரு வகுப்பிலும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் கை-வர்க்கம் 0.32.

பலரும் சறுக்குவது இதற்கடுத்த படியில். வகுப்புகள் நான்கு, மொத்தம் 200 என்பதற்காக ஒன்றைக் கழிக்கிறோம். சராசரியையும் இதே தரவிலிருந்து எடுத்ததால் இன்னொன்று. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது தடையின்றி மாறக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கை, 2. 1900-இல் இந்தக் கை-வர்க்கச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சனே இரண்டாவதைக் கழிக்கவில்லை. 1922-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் திருத்தினார். எக்செலும் தானாகக் கழிக்காது, நீங்கள் எத்தனை அளவுகளைத் தரவிலிருந்து எடுத்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? பைதான் மொழியின் கணக்கு நூலகமான சைபையில் (SciPy) 'டிடாஃப்' (ddof) என்ற இடத்தில் 1 கொடுக்க வேண்டும். பாய்சான் பொருந்தும்போதே இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் தற்செயலாக வரும் நிகழ்தகவுதான் பி-மதிப்பு. இங்கே அது சரியாகப் பார்த்தால் 0.85, கழிக்க மறந்தால் 0.96. பாய்சானை நிராகரிக்க முடியாது என்ற முடிவு மாறவில்லை, கை-வர்க்கம் 5 சதவீத எல்லையான 5.99-ஐச் சற்றே தாண்டி வந்தால் மாறிவிடும். பிழை எப்போதும் பொருத்தத்தை மிகைப்படுத்தும் பக்கமே சாயும்.

போர்ட்கீவிச்சிடம் இருந்தது 14 படைப்பிரிவுகளின் தரவு. அமைப்பு வேறுபட்டதால் நான்கை ஒதுக்கினார். பாடநூல்கள் இதை அதிகம் சொல்வதில்லை. அவற்றையும் சேர்த்தால் 280 பதிவுகள், 196 சாவுகள், சராசரி 0.7. கை-வர்க்கம் சுமார் 1.95, அப்போதும் பாய்சானை நிராகரிக்க முடியாது. ஆனால் அதில் 1.24 கடைசி வகுப்பிலிருந்து மட்டும் வருகிறது: எதிர்பார்ப்பு 9.6, கண்டது 13. பிரிவுக்குப் பிரிவு ஆபத்து வேறுபட்டால் முதலில் வீங்குவது இந்த வால்தான்.