ஐயர் லெட்டர் இருந்தால் சீட் உறுதி. சரி, எந்த சீட்?

"ஐயர் லெட்டர் மட்டும் வாங்கிட்டீங்கன்னா சீட் உறுதி" என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஐயர் என்றால் சர்ச் போதகர்; கல்லூரியில் சேர அவர் எழுதித் தரும் கடிதம்தான் இது. எந்த சீட் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகளை பி.காம். சேர்த்துவிட்டு, ஃபீஸ் ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நெல்லைப் பக்கம் ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரி. பெயர் வேண்டாம், பிள்ளை மூன்று வருடம் அங்கே படிக்க வேண்டும். ஆன்லைன் விண்ணப்பம், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது சிறுபான்மை ஒதுக்கீட்டுக்குக் கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழும் சேகர குருவின், அதாவது ஐயரின், கடிதமும்தான்.

நாங்கள் பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குத்தான் (சர்ச்சுக்கு) போவோம். ஆனால் குடும்பப் பெயர் சொந்த ஊர் சேகரத்தில் (ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) இருக்கிறது. பக்கத்துக் கோயில் ஐயர், "எங்க ரிஜிஸ்டர்ல உங்க பேரே இல்லையே, நான் எப்படி எழுதித் தர?" என்று கேட்டார். நியாயம்தான். ஊருக்குப் போனால் அங்கே ஐயர் இல்லை. ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், சபையார் கட்டும் சங்கக் காணிக்கை நோட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணாச்சி, பழைய பாக்கி நிக்கு" என்றார். கட்டினேன். அப்புறம் பார்த்தால், ஞானஸ்நானப் பதிவில் மகள் பெயர் இரண்டு சொல். பள்ளிச் சான்றிதழில் ஒரு சொல்தான். பிறந்த தேதியும் அப்பா பெயரும் ஒன்றாக இருந்தும், கல்லூரி அலுவலகத்தில் ஏற்கவில்லை. "இது வேற பிள்ளைன்னு யாராவது கேட்டா நான் என்ன சார் சொல்ல?" என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 'இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று சொந்த ஊர் ஐயரே கடிதத்தில் ஒரு வரி சேர்த்து, தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு, பள்ளிப் பெயர் வேறு என்றால் முதல் முறையே இந்த வரியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்து லிஸ்டில் பெயர் வந்தது. கவுண்டரில் இருந்தவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, "கேஷ்ல கட்டிட்டு வாங்க" என்றார். பாடத்தின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. மேல் மூலையில் பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி, 'எஸ்.எஃப்.' என்று இரண்டு எழுத்து. அதாவது சுயநிதிப் பிரிவு. எய்டெட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவு என்றால் ஒரு வருடத்துக்கே 4,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். இதில் ஒரு செமஸ்டருக்கு 14,000.

"எய்டெட் இல்லையா?"

"அது முதல் லிஸ்ட்லயே முடிஞ்சிட்டு சார். உங்க லெட்டருக்குத்தான் இதுவே கிடைச்சிருக்கு."

காரணம் புரியாமல் இல்லை. எய்டெட் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. சுயநிதியில் அது மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்து வர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு கொடுக்கிறது, சீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவர்களுக்கு இடமும் இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் ஐயர் லெட்டர் இடத்தைத்தான் வாங்கித் தரும், ஃபீஸைக் குறைக்காது என்பதை விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதினால் என்ன? 'எய்டெட்டா, எஸ்.எஃபா, எந்த ஷிஃப்ட்?' இந்தக் கேள்வியை லிஸ்ட் போடும் முன்பே ஆபீஸில் கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள்.

அடுத்தது கல்லூரியின் பண விவகாரத்தைப் பார்க்கும் பர்சர் அறை. மரியாதையாக உட்காரவைத்து, "கட்டட நிதிக்கு உங்களால ஆனது ஏதாவது..." என்று ஆரம்பித்தார்கள். தொகையை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கொடுக்கேன் ஐயா, என்ன தலைப்புல கட்டுதேன்னு எழுதி ரசீது போட்டுத் தாங்க" என்றேன். சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை நான் வாயெடுத்துச் சொல்லவே இல்லை. ரசீது என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. பேச்சு மழை பற்றித் திரும்பியது.

அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்துத்தான் ஆக வேண்டும். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு நம் கையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிக்கை சொல்கிறது. கட்டிய பணத்தை எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நான் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். கிளார்க் அதைப் படிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு பட்டியலைத் தந்துவிட்டார்.

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான ஃபீஸ் சலுகையை நம்பி, அந்தச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் காத்துக் கிடந்தது வீண். அந்தச் சலுகை கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவர்களுக்கு. பி.காமுக்கு உதவாது. இ-சேவையில் இருந்தவரும் காசு வாங்கிக்கொண்டு பதிவு செய்தாரே தவிர எதற்கு என்று கேட்கவில்லை.

கிடைத்த ஒரே ஆறுதல், கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு பணம் தரும் புதுமைப் பெண் திட்டம். மாதம் 1,000 ரூபாய். 2022-ல் தொடங்கியபோது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. இவள் அப்படிப் படித்தவள்தான். ஆனாலும் கல்லூரியில், "எய்டெட் ஸ்கூலுக்குக் கிடையாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். சண்டை போடவில்லை. பள்ளிக்குப் போய் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித்துறை மாணவருக்குத் தரும் பதிவு எண்), ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழி என்று தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட தாளையும் வாங்கிவந்து, திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியரிடம் நேராகக் கொடுத்தோம். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து பதிவு செய்துவிட்டார். வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில் இருந்து, அதில் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். அப்பா கணக்கெல்லாம் செல்லாது.

இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிந்ததும் எய்டெட் வகுப்பிலிருந்து சில பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று மகள் வந்து சொன்னாள். அந்த இடத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லி கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' முத்திரையும் வாங்கிவிட்டேன். பதில் வரவில்லை. அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு மட்டும் குறுஞ்செய்தி வந்துவிட்டது.