ஜெட் ஸ்கி டிரைவ் ஷாஃப்ட்: 17-4 பிஎச் வரை வந்த கதை

பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கியின் டிரைவ் ஷாஃப்டில், அதாவது இன்ஜின் சுழற்சியை இம்பெல்லர் என்னும் உந்து விசிறிக்குக் கடத்தும் தண்டில், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் உட்காரும் இடம் வளையமாகத் தேய்ந்து, அதனடியில் ஊசிமுனைக் குழிகளும் விழுந்திருந்தன. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டதால், கோயம்புத்தூரில் புதிதாகக் கடைந்துகொள்வது என்று முடிவு செய்தோம். கடைசல் வேலையைவிட உலோகத்தை முடிவு செய்யத்தான் அதிக நாள் பிடித்தது.

பட்டறையில் முதலில் சொன்னது இஎன் 24 என்ற கலப்பு எஃகு. வலுவில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடல் நீரில் துருப்பிடிக்கும். ஹார்டு குரோம் ஏற்றினாலும் பூச்சின் நுண்விரிசல்கள் வழியே உப்பு உள்ளே இறங்கிவிடும். டைட்டானியத்தை விலையே தள்ளிவிட்டது.

அடுத்தது, எல்லோரும் பரிந்துரைத்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகவே தாங்கும். 75 கிலோவாட் திறனை 7000 ஆர்பிஎம்மில் கடத்தும்போது முறுக்கு விசை சுமார் 102 நியூட்டன் மீட்டர், 22 மி.மீ. விட்டமுள்ள தண்டில் அது ஏறத்தாழ 49 மெகாபாஸ்கல் தகைவை (ஸ்ட்ரெஸ்) தருகிறது. 316 நிலையாக முறுக்கிக்கொள்ளத் தொடங்குவதற்கு இதைப்போல் இரு மடங்குக்கு மேல் வேண்டும் என்பதால், காகிதத்தில் அது தேறிவிடுகிறது. ஆனால் வண்டி அலைமேல் எழும்பும்போது இம்பெல்லர் வெறுமனே சுற்றி, மறுபடி தண்ணீரைக் கவ்வும் நொடியில் விழும் அடி அந்தக் கணக்கில் இல்லை. அந்த அடியை வாங்குவது ஸ்ப்லைன் பற்களின், அதாவது சுழற்சியைக் கடத்தத் தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களின், வேர். மென்மையான 316 அங்கேயும் சீலின் உதட்டடியிலும் சீக்கிரம் தேயும் என்பதே என் கணிப்பு.

பழைய ஷாஃப்டில் காந்தத்தை வைத்தபோது இறுகப் பிடித்தது. 304, 316 போன்றவை அப்படிப் பிடிப்பதில்லை. ஆகவே கடினப்படுத்தக்கூடிய ஸ்டெயின்லெஸ் ரகம் என்று ஊகித்து, கடைக்காரர்கள் 630 என்று சொல்லும் 17-4 பிஎச் ராடைத் தேர்ந்தெடுத்தோம். காந்தம் 410 ரகத்திலும் ஒட்டும் என்பதால், உலோகக் கலவையை அளந்து காட்டும் பிஎம்ஐ கருவியில் காட்டிச் செம்பு மூன்றிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் இருப்பதை உறுதி செய்த பிறகே பணம் கொடுத்தோம்.

சூளையில் சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்டில் எச் 900 நிலை மிகக் கடினமானது; ஆனால் உப்புச் சூழலில் தகைவும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசலுக்கு இடம்கொடுக்கும். நாங்கள் எச் 1025 எடுத்தோம். அந்த எண் ஃபாரன்ஹீட் என்பதால், குழப்பம் வராமலிருக்க 552 டிகிரி செல்சியஸ், நான்கு மணி நேரம் என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம். சூட்டில் தண்டு சிறிது சுருங்குமாதலால், முதலில் ரஃப் டர்னிங் (தோராயக் கடைசல்), பிறகு சூளை, அதன் பின்னரே ஸ்ப்லைனும் கிரைண்டிங்கும் என்று வரிசை வைத்தோம்.

இம்பெல்லரும் ஸ்டெயின்லெஸ் என்பதால், மரை பிடித்துக்கொள்ளாதிருக்க நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவிப் பூட்டினோம். அரிப்பு எதிர்ப்பில் 17-4 ஏறக்குறைய 304 அளவுதான். தேங்கிய உப்பு நீரில் குழி விழும். எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சீல் பகுதியைத் துடைத்துவிட்டே வண்டியை நிறுத்துகிறோம்.