கோப்பையின் எடை கழித்து

சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூரை நினைப்பவர்கள் அதிகம். நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். ஒரு காலத்தில் கொச்சி அரசருக்கு உட்பட்டது. 1956க்குப் பிறகு கேரளம். வாளையாற்றையோ கோபாலபுரத்தையோ தாண்டி உள்ளே வந்தாலும் தமிழ் சட்டென்று நின்றுவிடாது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று அது பாட்டுக்கு நடந்து வரும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழுக்கென்று தனித் துறையே இருக்கிறது. அங்கே முதுகலை முடித்துவிட்டு, ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, கல்லூரிக்குப் போகும் சாலையில் ஒரு ஃப்ரோசன் யோகர்ட் கடையில் இரண்டரை ஆண்டு வேலை பார்த்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்ட உறவினர்களிடம் தயிர் விற்கிறேன் என்று சொல்லிவந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதலாளி துபாயிலிருந்து திரும்பியவர். நாங்கள் அவரை ஏட்டன் என்றுதான் கூப்பிடுவோம்; மலையாளத்தில் அண்ணன். அங்கே ஒரு வணிக வளாகத்தில் இப்படியொரு கடையைப் பார்த்து மனம் பறிகொடுத்து, சேமிப்பில் பாதியை ஓர் இயந்திரத்தில் போட்டுவிட்டார். பெயர்ப்பலகையை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தார். ஆனால் யாரும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழர்களுக்கு அது தயிர் ஐஸ், மலையாளிகளுக்குத் தைர் ஐஸ்.

வாடிக்கையாளரே கோப்பையை எடுத்துக் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் மூன்று கைப்பிடிகள். இடது பக்கம் வெறும் புளிப்பு, வலது பக்கம் மாம்பழம், நடுவில் இரண்டும் முறுக்கிக்கொண்டு வரும். பிறகு மாதுளை, முந்திரி, ஜெல்லி, சாக்லேட் துணுக்கு எல்லாம் வேண்டியமட்டும் தூவிக்கொண்டு என் முன்னால் இருக்கும் தராசில் வைக்க வேண்டும். நூறு கிராம் எண்பது ரூபாய். கோப்பையின் எடையைக் கழித்துத்தான் கணக்கு. இதை நம்பாமல் தகராறு செய்தவர்கள் ஏராளம் என்பதால், ‘கோப்பையின் எடை கழித்தே விலை’ என்று தமிழில் எழுதி தராசின் நெற்றியில் நானே ஒட்டினேன். மலையாளத்தில் ஏட்டன் எழுதி ஒட்டிய தாள் ஒரே மாதத்தில் உரிந்துபோனது. என்னுடையது கடைசிவரை இருந்தது.

கடை திறந்த இரண்டாவது வாரம் எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். கையில் பால் சொசைட்டியின் அட்டை. சித்தூர் வட்டாரம் கேரளத்தில் பால் அதிகம் கறக்கும் பகுதிகளில் ஒன்று. காலையும் மாலையும் தூக்குவாளிகள் சாலையைக் கடக்கும். பேத்தி கைப்பிடியை இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சுவரில் இருந்த படத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘கொழுப்பு குறைவு’ என்று அதில் இருந்தது.

“அம்மிணி, கொழுப்பு குறைந்தால் சொசைட்டியில் எங்களுக்குக் காசை வெட்டுகிறார்கள். நீங்கள் கொழுப்பை எடுத்துவிட்டுக் காசைக் கூட்டுகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. பாலில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் எவ்வளவு என்று அளந்துதான் அவருக்கு விலை. மூலத்தறை, மீனாட்சிபுரம் வழியாக வரும் பால் வண்டிகளையும் சோதனைச்சாவடியில் நிறுத்தி இதையே பார்க்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கில் வாழ்ந்தவரிடம் அதை நேர்மாறாகத் திருப்பிப் போட்டு விற்கிறோம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, போகட்டும், குழந்தை ஆசைப்படுகிறது” என்று நூற்றிருபது ரூபாயை எண்ணி வைத்தார். பேத்தி ஒரு கரண்டி ஊட்டினாள். “உறை குத்தியது பற்றாது” என்றார். அந்தத் தீர்ப்பு சரியானது. எங்கள் கலவை உண்மையிலேயே புளிப்புக் குறைவுதான்.

இது தயிரே இல்லை என்று சொல்லாத நாள் கிடையாது. அப்போது நான் படித்த ஒரு செய்தி ஆறுதலாக இருந்தது. 1981இல் அமெரிக்காவில், ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் தொடங்கி உலகம் முழுக்கக் கிளை விட்ட ஒரு யோகர்ட் நிறுவனத்தின் முதல் பெயரே ‘இது தயிராக இருக்கவே முடியாது’ என்ற பொருளில்தான் இருந்ததாம். எங்கள் ஊர்ப் பாட்டிகள் அதைத் திட்டாகச் சொன்னார்கள்; அவர்கள் அதையே பெயராக வைத்து விற்றிருக்கிறார்கள். கள் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுநர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். சித்தூர்த் தென்னங்கள்தான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. அவர் புளிப்புப் பக்கத்தைக் கொஞ்சம் வாயில் வைத்து, கண்ணை மூடி, “நேற்றைய கள்” என்றார். வாரம் ஒருமுறை வந்து அந்த நேற்றைய கள்ளையே கேட்பார்.

தயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சின்ன வகுப்பே எடுப்பேன். ஆசிரியராகும் ஆசை எங்கே போகும்? வெறும் தயிரை உறைய வைத்தால் தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். இயந்திரத்தின் உள்ளே ஓர் அலகு சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்; உறையும் ஒவ்வொரு ஏட்டையும் அப்போதைக்கப்போது வழித்து, கொஞ்சம் காற்றையும் கலந்துவிடும். அதனால்தான் மெத்தென்று வருகிறது. இன்னொரு காரணம் சர்க்கரை. உறையும் புள்ளியைக் கீழே இழுத்துக் கலவையைக் கல்லாகாமல் காப்பது அதுதான். இந்த இரண்டாவது காரணத்தை நான் வகுப்பில் சேர்ப்பதில்லை. ஏட்டனுக்குப் பிடிக்காது.

அதனால் வந்த வினை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாலை நடை முடித்து, குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, நூறு கிராமுக்குக் கூடாமல் எடுத்துச் சாப்பிடுவார். சர்க்கரை நோய். மருத்துவர் இனிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். “தயிர்தானே, இதுதான் எனக்கு மிச்சம்” என்பார். இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. புளிப்பு முன்னால் நிற்பதால் பின்னால் இருக்கும் இனிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. மூன்றாவது வாரம், தராசில் எண் தொண்ணூற்று நான்கில் நிற்கும்போது, “சார், இதில் சர்க்கரை நிறைய இருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் தொடாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். அது மெல்ல இளகி வழிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “நீ என்ன டாக்டரா?” என்று ஏட்டன் கத்தினார். வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் ஓடுகிறவரின் கோபம் அது, எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு வலித்தது தலைமையாசிரியர் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவர் எதிர்ச்சாரியில் நடப்பார். என்னைக் கண்டால் குடையை இலேசாக உயர்த்துவார்.

தராசுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும், எண் ஏறும்போது முகம் என்ன ஆகும் என்று. கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் ஒரே கோப்பையில் கரண்டிகளைக் குத்திக்கொண்டு வருவார்கள். எண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு வரும் அப்பாக்கள் பிள்ளைகளிடம் “எடு, எடு” என்று சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஜெல்லி கனம், பிஸ்கட் தூள் இலேசு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் சிறுவர்கள். பெரியவர்களுக்கு அது கடைசிவரை எட்டவில்லை.

ஒரு பையன் வருவான். தமிழ் வழிப் பள்ளிச் சீருடை, ஏழாவது படித்திருப்பான். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எட்டாக மடித்து வைத்திருப்பான். “ஐம்பதுக்கு எவ்வளவு வரும், அக்கா?” என்றான். அறுபத்திரண்டு கிராம் என்றேன். கைப்பிடியை இழுத்தால் அறுபத்திரண்டில் நிறுத்துவது எனக்கே கைவராத வித்தை. முதல் முறை தொண்ணூறு வந்துவிட்டது. அவன் முகம் வெளுத்தது. எடுத்ததைத் திருப்பி ஊற்ற முடியாது. மிச்சத்தை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது கோப்பையின் வெளிப்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு வரைக்கும் இழுத்தான். தராசில் வைத்தால் ஐம்பத்தெட்டு. நான்கு கிராம் பாக்கி. சாக்லேட் துணுக்குகளை ஒவ்வொன்றாக, நகைக்கடைக்காரர் குன்றிமணி வைப்பது போல வைத்தான். ஐம்பத்தொன்பது. அறுபது. ஒன்று எடுத்தான், இன்னொன்று வைத்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழக்காமல் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள், பாதிப்பேர் மலையாளத்தில். அறுபத்திரண்டு வந்ததும் யாரோ கைதட்டினார். நாற்பது பைசா மீதிக்கு அவன் கையை நீட்டியதுதான் வேடிக்கை. ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

கொங்கன் படை நாள் மட்டும் கடைக்கு வேறு நிறம். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் விழா அது. கொங்கு அரசன் படையெடுத்து வந்து தோற்றுப்போனதை ஊரே சேர்ந்து நடித்துக் கொண்டாடும். என் பாட்டி வீடு பொள்ளாச்சி. ஆகவே ஏட்டனுக்கு அன்று முழுக்கக் கொண்டாட்டம். “இன்று உங்கள் ஆட்கள் தோற்ற நாள், சம்பளம் கிடையாது” என்பார். கூட்டம் ஏறிக்கொண்டே போனது. தொடர்ந்து பத்துப் பதினைந்து கோப்பை இழுத்தால் இயந்திரம் மூச்சுவாங்கும். உள்ளே போன கலவை உறைய நேரம் கிடைக்காமல் மோர் போல ஒழுகும். அந்த மாசி வெயிலில் அது எட்டாவது கோப்பையிலேயே ஒழுகிவிட்டது. பத்து நிமிடம் பொறுங்கள் என்று கைப்பிடிகளின் முன்னால் கையை விரித்து நின்றேன். அவர்கள் மலையாளத்தில் சத்தம் போட்டார்கள், நான் தமிழில் பதில் சத்தம் போட்டேன். பட்டுக்கரை வேட்டி முண்டு உடுத்த ஒரு பாட்டியம்மா கூட்டத்தை விலக்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தோற்றவர்கள் போகவில்லை, இங்கேதான் நிற்கிறார்கள்” என்று மலையாளத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பத்து நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

இரண்டாவது ஆடிக்காற்றில் கடை தளர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றுக்கும் சாரலுக்கும் யாருக்கும் குளிர்ச்சி வேண்டியிருக்கவில்லை. விற்றாலும் விற்காவிட்டாலும் இயந்திரத்துக்கு இரவு பகல் மின்சாரம் வேண்டும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். ஏட்டன் கணக்கு நோட்டை மூடி வைத்த நாளில் அவர் முகத்தில் சோகத்தைவிட அசதிதான் தெரிந்தது. இயந்திரத்தைப் பொள்ளாச்சியிலிருந்து வந்த பேக்கரிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நாற்காலிகள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போயின.

தராசை வாசலில் பூ விற்கும் அக்கா எடுத்துக்கொண்டார். போன மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி அவரிடம் மல்லிகை வாங்கினேன். உதிரிப்பூவை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு நிறுத்தார். தராசின் நெற்றியில் என் தாள் அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. கிழித்துவிடலாமே என்றேன்.

“எதற்கு? இப்போதெல்லாம் தட்டின் எடையைக் கழித்தாயா என்று எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்கிறார்கள்” என்று என்னை முறைத்துவிட்டு, இன்னும் நான்கு பூவைக் கிள்ளித் தட்டில் போட்டார்.